‘கட்டி’ என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘சிறுவன் காலில் இருந்த கட்டி அகற்றம்’ என்கிற மாதிரித் தலைப்புகள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அவ்வப்போது வருகின்றன. எந்த எலும்பு, என்ன கட்டி, புற்றுநோயா இல்லையா என்பது பெரும்பாலும் செய்தியில் இருப்பதில்லை. பிள்ளையின் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற அப்பா அம்மாவுக்குக் கட்டி என்றாலே புற்றுநோய்தான். உண்மையில், குழந்தைகளின் எலும்பில் தென்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சாதுவானவை. ஆனால் அந்தச் சாது வகைக்குள்ளும் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. அதனால் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது கட்டியின் பெயர். அதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அவசரமா, காத்திருக்கலாமா, பிள்ளை ஓடியாடலாமா என்பதெல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்துத்தான்.

முழங்காலுக்குச் சற்று மேலேயோ கீழேயோ, தோளுக்குக் கீழேயோ, கல் மாதிரி அசையாத ஒரு புடைப்பு. ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று நம் பக்கம் சொல்வது பெரும்பாலும் ஆஸ்டியோகாண்ட்ரோமாவைத்தான். எலும்பு நீளும் இடத்துக்கு அருகே கிளைத்து, நுனியில் குருத்தெலும்பால் தொப்பி போட்டிருக்கும். பிள்ளை வளரும்வரை அதுவும் வளரும், பிள்ளையின் வளர்ச்சி நின்றால் அதுவும் நிற்கும். வலியில்லை, நரம்பை அழுத்தவில்லை, மூட்டு நன்றாக மடங்குகிறது என்றால் கத்தி வைக்கத் தேவையில்லை. எடுக்க வேண்டி வந்தாலும் முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும், தை அறுவடை முடியட்டும் என்று மருத்துவரிடம் கேட்டுத் தள்ளிவைக்கலாம். சின்ன வயதில் அவசரப்பட்டு எடுத்தால் பக்கத்தில் எலும்பை நீளவைக்கும் வளர்ச்சித் தட்டு பழுதாகலாம், கட்டியும் மறுபடி முளைக்கலாம். ஒரே பிள்ளைக்குப் பல இடங்களில் இருந்தால் அது பரம்பரை வகையாக இருக்கலாம், தம்பி தங்கையையும் காட்டிவிடுங்கள். உயரம் நின்ற பிறகு புடைப்பு பெரிதானாலோ, புதிதாக வலித்தாலோ மட்டும் தாமதிக்கக் கூடாது.

எலும்பு நீர்க்கட்டி வேறு ரகம். வெளியே ஒன்றும் தெரியாது. வாய்க்கால் மதகிலிருந்து குதித்த பையன் கையை ஊன்றுவான், மேற்கை எலும்பு முறியும், எக்ஸ்ரேயில்தான் கட்டி தெரியவரும். உள்ளே நீர், சுற்றிலும் முட்டையோடு போல மெலிந்த எலும்பு. முறிவு சில வாரங்களில் கூடிவிடும், ஆனால் பல பிள்ளைகளுக்குக் கட்டி உள்ளேயே இருக்கும். ‘எலும்பு கூடிடுச்சு’ என்று அத்தோடு நின்றுவிடுவதால்தான் அதே இடம் மறுபடி முறிகிறது. நீரை ஊசியால் எடுத்து ஸ்டீராய்டு மருந்து செலுத்துவார்கள், அல்லது சுரண்டிவிட்டு எலும்புத் துகள் நிரப்புவார்கள். ஊசி 2, 3 தடவை தேவைப்படலாம் என்று தெரிந்திருந்தால் இரண்டாம் தடவை கூப்பிடும்போது மனம் உடையாது. இதே கட்டி தொடை எலும்பின் கழுத்தில் இருந்தால் அறுவடைக்காகக் காத்திருக்க வேண்டாம். அங்கே முறிந்தால் இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்தம் போவது தடைபடலாம்.

ஆகவே, படம் எடுத்துப் பார்க்காமல் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், மூங்கில் பத்தை வைத்து இறுக்காதீர்கள். கட்டுப் போடுகிறவரின் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. முட்டையோடு போன்ற எலும்பை உருவினால் அது நொறுங்கும். மாவுக்கட்டு போட்டபின் அரிக்கிறதென்று ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிவதும் கூடாது, தோல் கிழிந்து சீழ் பிடிக்கும். விரல் வீங்கி நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டிவிடும்போது பிள்ளை துடித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. கட்டி 2 செ.மீ.கூட இருக்காது, வலியோ பிள்ளையைத் தூங்கவிடாது. வளருகிற வலி என்பார்கள், பயந்திருக்கிறான் என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். வளருகிற வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், இன்று கெண்டைக்கால், நாளை தொடை என்று இடம் மாறும், காலையில் மறைந்துவிடும், பிள்ளை நொண்டாது. ஒரே காலில், விரல் வைத்துக் காட்டுகிற ஒரே இடத்தில், இரவுதோறும் வலித்து, ஐபுரூஃபன் என்ற வலி மருந்து கொடுத்தால் சட்டென்று அடங்குகிறது என்றால் அது வளருகிற வலி அல்ல. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல்கூடப் போகலாம், சி.டி. ஸ்கேன் வேண்டும். ஊசி நுழைத்துச் சூட்டால் கருக்கும் சிகிச்சை இதற்கு உண்டு, பெரும்பாலும் மறுநாளே வலி நின்றுவிடுகிறது. வலி அடங்குகிறதென்று பெரியவர்களின் ஆஸ்பிரினைக் கொடுக்காதீர்கள், வைரஸ் காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து.

எல்லாக் கட்டிக்கும் பயாப்சி, அதாவது ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, தேவையில்லை. தேவை என்றால், அறுவை செய்யப்போகிற மருத்துவர் இருக்கும் இடத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போன பாதையை அறுவையின்போது சேர்த்து நீக்க வேண்டி வரலாம், தவறான இடத்தில் குத்தினால் எளிய அறுவைகூடச் சிக்கலாகும். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த நாட்களில்தான் வீடு உடைந்து போகிறது. ‘லேட் ஆகுதுன்னா ஏதோ மறைக்கிறாங்க’ என்று உறவினர் சொல்வார்கள். எலும்பை அப்படியே சீவ முடியாது. எடுத்த துண்டை ஃபார்மலினில் பதப்படுத்தி, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்து, அது மென்மையான பிறகுதான் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுகிறார்கள். தாமதம் அதனால்தான். கருத்துக் கேட்கப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினாலும் கலங்க வேண்டாம், எலும்புக் கட்டியில் பழகியவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. நாளில் அரைஞாண், கொலுசு, உலோகத் தாயத்து, ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மயக்கம் கொடுத்து எடுப்பதானால் 6 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், பாலும் சாப்பாட்டுக் கணக்குதான். மன்னார்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பிள்ளை பசிக்கிறது என்றதும் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் பால் வாங்கிக் கொடுத்தால் அன்றைய ஸ்கேன் போச்சு. எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள், கட்டி வளர்ந்ததா என்பதற்குப் பழைய படம்தான் சாட்சி. இப்போது தருவதில் பல வெப்பத்தில் அச்சாகும் ஃபிலிம்கள். வெயிலில் நிற்கிற வண்டிப் பெட்டியில் வைத்தாலும், லேமினேஷன் செய்தாலும் கறுத்துப் போகும். வாங்கிய அன்றே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஃபோனில் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு ‘விளையாட அனுமதிக்க வேண்டாம்’ என்று மொட்டையாகக் கடிதம் கேட்காதீர்கள். பிள்ளை வருடம் முழுக்க மரத்தடியில் உட்கார வேண்டியதாகிவிடும். இடது தோளில் பை மாட்டக் கூடாது, உயரத்திலிருந்து குதிக்கக் கூடாது, நடக்கலாம், அடுத்த எக்ஸ்ரே இன்ன மாதம் என்று எழுதி வாங்குங்கள். கட்டியின் பெயரைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். மறைத்தால் வார்டில் யாரோ சொல்வதைக் கேட்டுப் பயந்துவிடும்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஓய்வில் இருக்கும்போதும் விடாத வலி, வாரத்துக்கு வாரம் பெருக்கிற வீக்கம், தொட்டால் சூடு, காய்ச்சல், உடல் மெலிவு இவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன காத்திருப்பு எதுவும் பொருந்தாது. அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

தங்கள் நாளிதழில் இனி இப்படியொரு செய்தி வரும்போது, எந்த எலும்பில், என்ன பெயருள்ள கட்டி, புற்றுநோயா இல்லையா என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எலும்பு சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்