பட்டு போன பாதையில் எதிரே வந்தவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த பட்டுப்பாதைக் கட்டுரையை, புழுவுக்கு மல்பெரித் தழை வெட்டிப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். கோபிப் பக்கம் பட்டுக்கூடு எடுக்கிறவன் நான், தலைப்பைப் பார்த்ததும் ஒரு ஆசை. ஆனால் கட்டுரை முழுக்கச் சீனப் பட்டு ரோமாபுரிக்குப் போன கதைதான். போன வண்டி வெறுமனேயா திரும்பியிருக்கும்? இங்கிருந்து கர்நாடகத்து ராமநகரம் பட்டுக்கூடு சந்தைக்குக் கூடு ஏற்றிப்போகிற டெம்போகூட வரும்போது நாலு மூட்டை எதையாவது தூக்கிப் போட்டுக்கொண்டுதான் வரும்.

புத்த மதம் அப்படி எதிரே வந்த சரக்கு. கி.பி. 148இல் அன்றைய சீனத் தலைநகர் லோயாங் வந்து பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்த ஆன் ஷிகாவ் பார்த்தியாக்காரர், அதாவது இன்றைய ஈரான் பக்கம். 401இல் சீனத்தின் சாங்கான் நகருக்குப் போய்ச் சேர்ந்து அதே மொழிபெயர்ப்பு வேலையைச் செய்த குமாரஜீவர் பாலைவனச் சந்தை ஊரான கூச்சாவில் பிறந்தவர், அப்பா இந்தியர். அப்புறம் சீனர்கள் அந்த மதத்தைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்துக்கொண்டார்கள். இங்கே ஆணாக இருந்த, கருணைக்குப் பேர்போன போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர் அங்கே போய் குவான்யின் என்ற தாயாகிவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சொல். சீனக் கோயில் கூரையில் பளபளக்கிற ஓடு இருக்கிறதே, அதற்கு 'லியூலி' என்று பேர். பாலி மொழியில் 'வேளுரிய', நம் வைடூரியம்தான் அது. பௌத்த நூல்கள் சொல்லும் ஏழு செல்வங்களில் ஒன்று. கல்லோடு சொல்லும் போய், கல்லிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து கூரை ஓட்டுக்கும் தாவியிருக்கிறது. நொய்யல் கரையில் சங்ககால ஊரான நம் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளையே தோண்டியெடுத்திருக்கிறார்கள், பதிற்றுப்பத்துப் பாடிய ஊர் அது, பச்சைக்கல் கிடைத்த படியூரும் அங்கிருந்து தூரமில்லை. அந்தக் கல்தான் சீனா போனது என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை, ஆனால் இத்தனை பெரிய கட்டுரையில் கொடுமணல் பேர்கூட இல்லையே சார்.

சர்க்கரையையும் விட்டுவிட்டீர்கள். 647இல் சீனத்தின் தாங் பேரரசர் தைசோங் மகதத்துக்கு, அதாவது இன்றைய பீகார் பக்கம், ஆள் அனுப்பி, கரும்புச்சாறு காய்ச்சும் பக்குவத்தைக் கற்றுவரச் சொன்னார். இங்கே கற்றுக்கொண்டு போனார்கள், கடைசியில் மதுரைப் பக்கம் அதற்குச் சீனி என்று பேர்! (நாங்கள் அஸ்கா என்போம், அது வேறு கதை.)

கடல்வழிக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். சீனத்தின் குவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் வருடத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் உடல்நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உண்டு. அதே ஊரில் கையுவான் புத்தர் கோயிலின் பின்பக்கத் தூண்களில் கண்ணன் நிற்கிறான். அடுத்த இணைப்பில் அந்தத் தூண் படம் ஒன்றையாவது போடுங்கள்.

– ஒரு பட்டு விவசாயி,
கோபிச்செட்டிப்பாளையம்