ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் விதியில் இடம் வேண்டும்: எஃப்.ஐ.ஏ. தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் மதிப்பிற்குரிய எஃப்.ஐ.ஏ. அமைப்பின் ஒற்றை இருக்கைப் பந்தயப் பிரிவின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2022 ஜூன் 12 அன்று பாகுவில் ஃபார்முலா 1 பந்தயமான அசர்பைஜான் கிராண்ட் பிரீ முடிந்தபோது, நான்காவதாக வந்த லூயிஸ் ஹாமில்டன் தமது மெர்சிடிஸ் டபிள்யூ13 காரிலிருந்து எளிதில் இறங்க முடியாமல், முதுகைப் பிடித்தபடி தடுமாறி வெளியே வந்தார். அந்தக் கார் எதன் மீதும் மோதவில்லை. உங்கள் விதிகளுக்கு உட்பட்டுக் கட்டப்பட்டு, உங்கள் பாதுகாப்புச் சோதனைகளில் தேறி, பந்தயத்தை முழுமையாக ஓடி முடித்த கார் அது. விதியை மீறாத ஒரு கார் தன் ஓட்டுநரை இந்த நிலைக்குக் கொண்டுவர முடிந்தது என்றால், குறை விதியில்தான் இருக்கிறது. காரின் எடைக்கும் அகலத்துக்கும் வரம்பு எழுதியிருப்பதைப் போல, ஓட்டுநரின் உடல் தாங்கும் செங்குத்து அதிர்வுக்கும் தொழில்நுட்ப விதிகளிலேயே நிலையான வரம்பு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

2022 விதிகளின் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. முன்னால் ஓடும் காரை நெருங்கிப் பின்தொடர முடியாத நிலையை மாற்றுவதற்காக, இறக்கைகளின் பங்கைக் குறைத்து, காரின் அடித்தளத்தில் அமைந்த வெஞ்சுரிச் சுரங்கங்கள் எனும் காற்று வழிகள் மூலம் டவுன்ஃபோர்ஸை, அதாவது காரைத் தரையோடு அழுத்தும் விசையைப் பெறும்படி வடிவமைப்பைத் திருப்பினீர்கள். ஆனால் அந்தச் சுரங்கங்கள் தரையை நெருங்க நெருங்கத்தான் வலுவாக இழுக்கின்றன. வேகம் கூடும்போது கார் மேலும் தாழ்கிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் காற்றோட்டம் அடைபட்டு இழுவிசை சட்டென்று விழ, கார் எழும்புகிறது. எழும்பியதும் காற்று மீண்டும் ஓடத் தொடங்கி அதைக் கீழே இழுக்கிறது. நேர்ச்சாலையில் ஒரே நொடிக்குள் பலமுறை நிகழும் இந்தக் குதிப்பைத்தான் போர்பாய்சிங் என்கிறோம். அதே ஆண்டில் சக்கரங்கள் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகி, டயரின் பக்கச்சுவர் குறுகி, அதன் இயல்பான நெகிழ்வு குறைந்தது. சஸ்பென்ஷனில் அதிர்வை அடக்க உதவிய இனெர்ட்டர்களும் ஹைட்ராலிக் உறுப்புகளும் தடை செய்யப்பட்டன. இந்த மாற்றங்கள் அத்தனையின் சுமையும் கடைசியில், மெல்லிய கார்பன் இருக்கையில் கால்களை உயர்த்திச் சாய்ந்து படுத்திருக்கும் ஒரு மனிதரின் முதுகில் இறங்கியது.

2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு அணிப் பட்டங்களை வென்ற மெர்சிடிஸே டபிள்யூ13 காரின் குதிப்பை முன்கூட்டிக் காணவில்லை. பஹ்ரைன் சோதனை ஓட்டத்துக்கு அந்த அணி கொண்டுவந்த, பக்கவாட்டுப் பகுதி ஏறக்குறைய மறைந்தே போன அந்த ஒல்லியான வடிவம், இன்றும் நான் வியந்து பார்க்கும் துணிச்சலான வடிவமைப்பு. ஆனால் செயற்கையாகக் காற்றை வீசி ஆராயும் காற்றுச் சுரங்கச் சோதனையில் 60 விழுக்காடு அளவுள்ள மாதிரியை நொடிக்கு 50 மீட்டர் (மணிக்கு 180 கிலோமீட்டர்) வேகம் வரைதான் சோதிக்க உங்கள் விதிகள் அனுமதிக்கின்றன. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி முழுக் கார் எப்படிக் குதிக்கும் என்பதை அது காட்டாது. 22 பந்தயங்கள் கொண்ட அந்தப் பருவத்தில் மெர்சிடிஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. நவம்பர் 13 அன்று சாவோ பாலோவில் ஜார்ஜ் ரஸ்ஸல் பெற்றது. 2007இல் அறிமுகமான ஹாமில்டனுக்கு வெற்றியே இல்லாத முதல் பருவமாக அது முடிந்தது. பட்டத்தை இழப்பது விளையாட்டின் பகுதி. அதில் முறையிட எதுவுமில்லை. உடல்நலத்தை இழப்பதை அப்படி ஏற்க முடியாது.

அப்போது போட்டி அணிகள் சொன்ன மறுமொழி ஒன்று உண்டு: வலித்தால் காரை உயர்த்திக்கொள்ளலாமே, அதற்கு விதி எதற்கு? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம், முடிவெடுப்பவர் யார் என்பதை மறந்துவிடுகிறது. காரின் உயரத்தைத் தீர்மானிப்பவர்கள் பொறியாளர்கள். வலியைத் தாங்குபவர் ஓட்டுநர். சில மில்லிமீட்டர் உயர்த்தினால் சுற்று நேரம் கூடும் என்று தெரிந்த பிறகு, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்நோக்கியிருக்கும் ஓர் இளம் ஓட்டுநர் தம் முதுகு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்? ஒருவர் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் மற்றவர்களும் பொறுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் போட்டியிலேயே பிறக்கிறது. இந்த இடத்தில்தான் விதி எழுதுபவரின் கடமை தொடங்குகிறது.

நீங்கள் அந்தக் கடமையைச் செய்யாமல் விட்டுவிடவில்லை என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். கனடா பந்தயத்துக்கு முன் தலையிட்டீர்கள். ஆகஸ்டில் பெல்ஜியத்தில் அதிர்வுக்கான அளவுகோலை நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். 2023இல் காரின் அடித்தள விளிம்புகளை 15 மில்லிமீட்டர் உயர்த்தி, குதிப்பைக் கண்காணிக்கக் கூடுதல் உணரியையும் கட்டாயமாக்கினீர்கள். ஆயினும் அளவுகோல் நடைமுறைக்கு வந்தபோது 13 பந்தயங்கள் முடிந்துவிட்டிருந்தன. அதுவும் அணிகளுக்கு மட்டும் அனுப்பப்படும் தொழில்நுட்ப வழிகாட்டுதலாகவே வந்ததால், எந்தக் கார் எவ்வளவு அதிர்ந்தது என்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை.

கார் அளவுக்கு மீறித் தாழ்ந்து ஓடியதா என்பதைக் காட்ட அதன் அடியில் பொருத்தப்படும் பலகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தப் பலகை 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் தகுதி நீக்கம்தான். 2023இல் ஆஸ்டினில் ஹாமில்டனும் ஃபெராரி ஓட்டுநர் லெக்லெர்க்கும், 2025இல் லாஸ் வேகஸில் மெக்லாரன் ஓட்டுநர்கள் நாரிஸும் பியாஸ்ட்ரியும் அப்படித்தான் நீக்கப்பட்டார்கள். லாஸ் வேகஸில் எதிர்பாராத போர்பாய்சிங்கே காரணம் என்று மெக்லாரன் அணி விளக்கியது. பலகை எவ்வளவு தேய்ந்தது என்பதை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை வெளியிடும் நீங்கள், அந்தப் பலகைக்கு மேலே அமர்ந்திருந்தவர் எவ்வளவு அதிர்வைத் தாங்கினார் என்பதையும் வெளியிடலாம்.

இது திடீரென முளைத்த சிக்கலுமன்று. 1970களின் இறுதியில் லோட்டஸ் அணியே இந்தக் குதிப்போடு போராடியது. 1981இல் அந்த அணியின் நிறுவனர் காலின் சாப்மன் லோட்டஸ் 88 காரில் இரட்டைச் சட்டகத்தை அமைத்து, காற்றின் சுமையை வெளிச்சட்டகத்துக்குக் கொடுத்துவிட்டு ஓட்டுநரை மென்மையான உட்சட்டகத்தில் வைக்க முயன்றார். அது தடை செய்யப்பட்டது. தடை சரியா தவறா என்று இங்கே வாதிட வரவில்லை. ஓட்டுநரின் உடலைத் தனியே காக்க வேண்டிய தேவை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைச் சுட்டிக்காட்டுகிறேன். அமர்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு ஏறக்குறைய 4 முதல் 8 வரையான செங்குத்து அதிர்வுகளில்தான் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது என்பது தொழில்நல மருத்துவத்தின் பழைய பாடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நாள்தோறும் டிராக்டர் ஓட்டும் தொழிலாளியின் உடல் தாங்கும் அதிர்வுக்குக்கூட வரம்பு வைத்திருக்கிறது.

ஓட்டுநரின் தலையைக் காக்கும் வளையமான ஹாலோவைப் பலர் எதிர்த்தபோதும் 2018இல் அதைக் கட்டாயமாக்கினீர்கள்; 2020இல் பஹ்ரைனில் ஓட்டுநர் குரோஜானும் 2022இல் சில்வர்ஸ்டோனில் ஓட்டுநர் ஜோ குவான்யூவும் கோரமான விபத்துகளில் உயிர் தப்பினார்கள். ஒரு நொடியில் நேரும் மோதலுக்குக் காட்டிய அதே உறுதியை, ஆண்டுக்கணக்கில் சேரும் காயத்துக்கும் காட்டுங்கள். 2026 விதிகள் ஓரளவு தட்டையான தளத்துக்குத் திரும்பியதால் சிக்கல் தீர்ந்தது என்று கருதிவிட வேண்டாம். அடுத்த தலைமுறை விதிகளில் இழுவிசை மீண்டும் தரையைத் தேடிப் போகலாம். ஆகவே அதிர்வு வரம்பு தொழில்நுட்ப விதிகளில் நிலையான பிரிவாக இடம்பெற வேண்டும். புதிய விதிகள் நடைமுறைக்கு வருமுன் முழு அளவுக் காரில் அது சோதிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் ஒவ்வொரு காரின் அளவீடும் வெளியிடப்பட வேண்டும். 2022 முதல் 2025 வரை ஓட்டியவர்களின் முதுகெலும்பு நலத்தை, அவர்களின் ஒப்புதலோடு, அணிகளைச் சாராத மருத்துவர்கள் நீண்ட காலம் கண்காணிக்க வேண்டும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை உட்பட உலகெங்கும் பதினைந்து வயதில் ஃபார்முலா 4 காரில் ஏறும் பிள்ளைகளும் உங்கள் விதிகளின் கீழ்தான் ஓட்டுகிறார்கள் என்பதால், இந்தப் பிரிவை அவர்களின் கார்களுக்கும் நீட்டிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஃபார்முலா 1 பந்தயங்களை நெடுங்காலமாகப் பின்தொடரும் தமிழ் ரசிகர் ஒருவர்