எல்லார் பெயரையும் ஏற்றுங்கள்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கு வணக்கம்.

பனியன் கம்பெனிகளுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. சம்பளப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு வெளியே வரும் வழியில் தையல் ஹாலைப் பார்த்தால், பட்டியலில் உள்ள ஆட்களைவிட மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகமாக இருக்கும். எல்லாக் கம்பெனியிலும் அப்படி என்று சொல்லவில்லை. அடிமட்டச் செக்கிங் ஆள் வரை முதல் நாளே பெயர் ஏற்றும் முதலாளிகளும் நம் ஊரில் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கானது இல்லை.

கொரோனா பழங்கதை ஆகிவிட்டது. ஆர்டர் திரும்பி வந்தது, ஆட்களும் திரும்பி வந்தார்கள். விடுபட்ட பெயர்கள் மட்டும் இன்னும் விடுபட்டே இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, ஊரடங்கு நாட்களுக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. வெளிநாட்டு பையர்கள் ஆர்டரை ரத்து செய்து, தைத்த துணி குடோனில் தேங்கிக் கிடந்த நேரம் அது. முழுச் சம்பளம் கொடுக்க முடியவில்லை என்று அப்போது சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நிஜமாகவே பலரிடம் பணம் இல்லை.

ஆனால் பணம் வெளியிலிருந்து வந்தபோதும் நம் ஆட்களுக்குக் கிடைக்கவில்லையே, அதற்கு என்ன பதில்? நூறு பேர் வரை உள்ள நிறுவனங்களில், 90 சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் வாங்கினால், அந்தத் தொழிலாளர்களுக்கான பி.எஃப். பங்கு 24 சதவீதத்தையும் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்திய அரசே கட்டியது. முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டும் சேர்த்து. அது பட்டியலில் இருந்த பெயர்களுக்கு மட்டும் போனது. பக்கத்து மெஷினில் அதே பீஸைத் தைத்தவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

ஈ.எஸ்.ஐ. விஷயம் இதைவிட வலிக்கும். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நீங்கள் 390 ரூபாய், அவர் 90 ரூபாய், ஆக மாதம் 480. 2021 மே கடைசியில் மத்திய அரசு கொரோனா நிவாரணத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2020 மார்ச் 24க்குப் பிறகு கொரோனாவில் இறந்த ஈ.எஸ்.ஐ. தொழிலாளியின் குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் கிடைக்கும் என்றது அந்தத் திட்டம். மேலே சொன்ன 12,000 ரூபாய்க்காரர் இறந்திருந்தால், அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் மாதம் ஏறக்குறைய 10,800 ரூபாய். மனைவி வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் வைத்தியமும் தொடரும்.

இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கொரோனா உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பே அவர் பெயர் ஈ.எஸ்.ஐ. தளத்தில் ஏறியிருக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்கே தெரியும். ஒருவர் விழுந்த பிறகுதான் 'அண்ணா, அவசரமா ஒரு ஐ.பி. நம்பர் எடுத்துக் குடுங்க' என்று போன் வரும். ஐ.பி. நம்பர் என்பது ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளிக்குக் கிடைக்கும் பதிவு எண். இரண்டாவது அலையில் ஓர் அயர்னிங் தொழிலாளிக்கு அப்படித்தான் நம்பர் எடுத்தார்கள். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு. ஐந்து வருடத்துக்கு மேல் அதே கம்பெனியில் நின்று அயர்ன் செய்தவர், காண்ட்ராக்டர் ஆள் என்பதால் பெயர் இல்லை. அவர் மனைவி இறப்புச் சான்றிதழோடும் அந்தப் புது நம்பரோடும் வந்தபோது, அந்தத் தேதியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதில் எதுவும் செய்ய முடியாது என்று. கம்பெனி சில ஆயிரம் கொடுத்தது. முதலாளி மனதாரத்தான் கொடுத்தார், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் வந்திருக்க வேண்டிய பணத்துக்கு அது ஈடாகுமா?

இறப்பை விடுங்கள். உயிரோடு இருந்தவர்களைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைதான் பலன். அதாவது காய்ச்சல் வருகிற மாதத்தில் யோசித்துப் பயனில்லை, போன வருடமே பெயர் இருந்திருக்க வேண்டும். இந்தப் பணம் இல்லாத பீஸ் ரேட் டெய்லர், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர், என்ன செய்வார்? மாத்திரை போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு வருவார். வந்தார்கள். சனிக்கிழமை சம்பளம் குறைந்துவிடும் என்று இருமலை அடக்கிக்கொண்டு லைனில் உட்கார்ந்தார்கள். 2021 மேயில் கோவை, திருப்பூர்ப் பக்கம் தொற்று எப்படி ஏறியது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. காய்ச்சல்காரர் வீட்டில் இருக்கச் சம்பளம் கொடுப்பதைவிட மலிவான தொற்றுத் தடுப்பு ஒரு ஹாலுக்குக் கிடையாது.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். 'ஆளுங்களே வேண்டாங்கறாங்க, முழுச் சம்பளம் கைக்கு வேணுங்கறாங்க' என்பது முதல் காரணம். உண்மைதான், சிலர் கேட்கிறார்கள். ஆனால் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், தொழிலாளி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. பீஸ் ரேட் என்பதற்காக விலக்கும் இல்லை. இரண்டாவது, 'காண்ட்ராக்டர் பார்த்துக்குவார்'. காண்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் முதலில் கட்ட வேண்டியவர் கம்பெனி முதலாளி. அப்புறம் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் நடப்பில் இருந்த 1948ஆம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டமே இதைத் தெளிவாகச் சொன்னது. முதலாளி கட்டாததால் ஒருவருக்குப் பலன் கிடைக்காமல் போனால், அதை ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றும் அதன் 68ஆம் பிரிவு சொன்னது. அந்த வசூல் குறைந்தது, கட்டாமல் விட்ட பங்களிப்பின் இரண்டு மடங்கு; சில நேரம் அதற்கு மேலும் போகும்.

மூன்றாவது காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. வைத்தியம் சரியில்லை என்கிறீர்கள். இத்தனை லட்சம் பேர் உழைக்கும் ஊருக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அடிக்கல் 2019 பிப்ரவரியில்தான் நாட்டப்பட்டது. கொரோனாவின் இரண்டு அலைகளும் வந்து போகும்வரை அது திறக்கவில்லை. நம் ஆட்கள் கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இதற்காக நீங்கள் அரசிடம் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் மேலே நான் சொன்ன பணப்பலன்கள் எதற்கும் ஊரில் ஆஸ்பத்திரி இருப்பதும் இல்லாததும் ஒரு பொருட்டே இல்லை.

ஆள் கணக்கு எடுப்பது கஷ்டம் என்றும் சொல்லாதீர்கள். 2021 மே 20 அன்று 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசித் திட்டத்தை முதலமைச்சர் நம் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில்தான் தொடங்கி வைத்தார். ஊசி போட்டால்தான் கம்பெனி ஓடும் என்றதும், காண்ட்ராக்ட் ஆள், ஒடிசா ஆள், நேற்று சேர்ந்த ஹெல்பர் என்று ஒருவர் விடாமல் ஆதார் நம்பரோடு எத்தனை பேர் பட்டியல் கொடுத்தீர்கள்! அதே பட்டியல் போதும்.

என் கோரிக்கை இதுதான். வேலைக்குச் சேரும் அன்றே ஐ.பி. நம்பர் எடுங்கள். காண்ட்ராக்டருக்குப் பில் தொகை கொடுக்கும் முன், அவருடைய ஆட்களுக்குப் போன மாதம் கட்டிய சலானைக் கேட்டு வாங்குங்கள். பீஸ் ரேட் கூலியையும் பட்டியலில் உள்ளது உள்ளபடி காட்டுங்கள். பாதியை வெளியே கொடுத்தால் நாளைக்கு அந்தக் குடும்பத்துக்கு வரும் பணமும் பாதிதான். காய்ச்சல் என்று லீவு கேட்பவரைச் சான்றிதழ் வாங்கச் சொல்லி ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு அனுப்புங்கள், வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். அப்புறம், ஐ.பி. நம்பரை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்காமல், அவர் மனைவிக்கும் தெரியும்படி ஒரு சீட்டில் அச்சடித்து, வருகிற சனிக்கிழமை சம்பளக் கவரோடு கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் ஈ.எஸ்.ஐ. கணக்கு எழுதும் ஒருவன்