எரியாத டியூப்லைட்டைக் கடைக்குக் கொண்டு வாருங்கள்

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

புது பல்பு வாங்க வரும்போது பழையதையும் எடுத்து வாருங்கள் என்று கல்லாவில் சொல்கிறோமே, அது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். விலையில் கழிப்போம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். பல்புக்குக் கழிவு கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மாநகராட்சி வண்டிக்கு மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பது மாம்பலம் பக்கம் நிறைய வீடுகளுக்குப் பழகிவிட்டது. மூன்றாவதாக ஒன்று இருப்பதுதான் மறந்துபோகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி தீர்ந்துபோன பேட்டரி, சிஎஃப்எல் பல்பு, பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, காலாவதியான மாத்திரை எல்லாம் வீட்டு அபாயக் கழிவு, தனியாக வைக்க வேண்டும். இதில் முதல் இரண்டும் எங்கள் கடைச் சரக்கு, அதனால்தான் நாங்களே வாங்கி வைக்கிறோம்.

டியூப்லைட், சிஎஃப்எல் இரண்டிலும் பாதரசம் உண்டு. சில மில்லிகிராம்தான், ஆனால் உடைந்தால் ஆவியாகிவிடும், அதை மூச்சில் இழுப்பது குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளர், கண்ணாடி கிழிப்பது தனி. வீட்டிலேயே உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த அறையை விட்டு வெளியே இருங்கள், அப்புறம் துடைப்பம் போடாமல் அட்டையால் அள்ளி, பொடியை டேப்பால் ஒற்றி எடுத்து மூடி உள்ள பாட்டிலில் போடுங்கள். எல்இடியில் பாதரசம் இல்லை, உள்ளே சர்க்யூட் இருப்பதால் அதையும் வாங்கிக்கொள்கிறோம். டார்ச், ரிமோட் பென்சில் செல்லுக்குக் கல்லா பக்கத்தில் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். மொபைல் பேட்டரி என்றால் இரு முனையிலும் டேப் ஒட்டிக் கொடுங்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும்.

பழைய இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் விலையில் கழிப்போம், எடைக்கு ஏற்ப. காயலான் கடையில் நூறு இருநூறு கூடத் தரலாம், ஆனால் ஆசிட்டைக் கால்வாயில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுக்கிற இடங்களும் இருக்கின்றன. பழைய ஒயரும் அப்படித்தான், செம்புக்காக எரிக்கிறார்கள், அந்தப் புகை பொல்லாதது.

சேர்ந்ததை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்புகிறோம்.

அப்புறம், கேரி பேக் கேட்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, எவ்வளவு தடிமனாக இருந்தாலும். மஞ்சப்பை கொண்டு வாருங்கள், டியூப்லைட்டைப் பேப்பரில் சுற்றித் தருகிறோம். உங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரவில்லை என்றால் எங்களிடம் சொல்லிப் பயனில்லை, மாநகராட்சியின் 1913க்குப் போன் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எலக்ட்ரிகல் கடை, மேற்கு மாம்பலம்