வயிற்றிலிருந்து ஒரு துணுக்கு தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் பொடி எழுத்தில் நன்றியுரை என்று நாலு வரி இருக்கும். நிதி கொடுத்த அமைப்பு, கருவி கொடுத்த துறை, கட்டுரையைப் படித்துத் திருத்திய சகா என்று எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். பணி ஓய்வு பெற்ற கையோடு என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். 'நோயாளிகளுக்கு நன்றி' என்ற ஒற்றை வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் ஆங்கிலத்தில். அந்த நோயாளிகளில் பலர் என் அம்மாவின் வயதை ஒத்த தோட்டத்துப் பெண்கள். அவர்கள் கண்ணில் படாத இடத்தில் அவர்களுக்கு நன்றி சொல்லி என்ன பயன்? ஆகவே இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மனித இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற திருகு வடிவ பாக்டீரியாவையும், அதை எதிர்கொள்ளும் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் என்ன செய்கின்றன என்பதையும் ஆராய்வது. இங்கே மலேசியாவில் வயிறு வலித்தால் எல்லாரும் 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லிவிட்டு மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும் அமிலமும்தான் காரணம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு. அம்மாவின் வயிற்றுவலியைப் பார்த்துப் பார்த்தே நான் இந்தத் துறைக்கு வந்ததாக ஒரு கூட்டத்தில் என்னை அறிமுகப்படுத்தினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மை வேறு: மலேரியா ஆய்வுக்கூடத்தில் அந்த ஆண்டு இடமில்லை, இங்கே ஒரு மேசை காலியாக இருந்தது.

நோயாளிகளாக வந்தவர்களே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. முந்தின இரவிலிருந்து பட்டினி கிடந்து வருவீர்கள். தொண்டையில் கசப்பான மரப்பு மருந்தைத் தெளிப்பார்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் குழாயை விழுங்க வேண்டும். மருத்துவர் தம் தேவைக்குத் திசு எடுத்து முடித்த பிறகு, ஆய்வுக்கென்று இன்னும் இரண்டு துணுக்கு. ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவுதான், எடுக்கும்போது வலிக்காது. ஆனால் குழாய் இன்னும் சற்று நேரம் உள்ளே இருக்கும், குமட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சற்று நேரத்தை எங்களுக்காகப் பொறுத்துக்கொண்டீர்கள்.

உங்களைத் தேடி வந்து கேட்டதற்குத் தனிக் காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் குறைவு, சீனர்களிடமும் இந்தியர்களிடமும் அதிகம். கிளந்தான் மாநிலத்தில் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு என்பது 1990களிலேயே தெரிந்துவிட்டது. இரைப்பைப் புற்றுநோய் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. அது சீனர்களிடம்தான் அதிகம். கிருமி இந்தியர்களான நம்மிடம் அவர்களுக்குச் சளைக்காமல் இருந்தும் புற்றுநோய் குறைவு. ஏன்? கிருமியின் வகை ஒரு காரணம் என்கிறார்கள். அது நம் செல்லுக்குள் செலுத்தும் 'காக்-ஏ' என்ற புரதத்தில் கிழக்காசிய வகை, செல்லின் கட்டுப்பாட்டுப் புரதம் ஒன்றை இன்னும் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. உணவுப் பழக்கத்தைச் சொல்வோர் உண்டு, உடலின் மரபுக்கூறுகளைச் சொல்வோரும் உண்டு. முழு விடை இன்னும் வரவில்லை, என் காலத்தில் வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

மலேசிய இந்தியர்களின் வயிற்றில் இருப்பது இந்தியக் கிளையைச் சேர்ந்த கிருமி என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலாய்க்காரர்கள் பலரிடம் உள்ளதும் அதே கிளைதான், அண்மைக் காலத்தில் நம்மிடமிருந்து போயிருக்கலாம் என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு கருதியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன் பாட்டிமார் தகரப் பெட்டியோடு இதையும் சுமந்து வந்திருக்கிறார்கள். குழாய் விடுவதற்காகக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வேறு எதையும் எங்களுக்கு வைத்துவிட்டுப் போகவில்லை, இதையாவது கொடுத்தார்களே" என்றார். பட்டினியோடு உட்கார்ந்திருந்த வரிசையே சிரித்துவிட்டது.

அந்த வரிசையைப் பயமில்லாமல் உட்கார வைத்தவர் எண்டோஸ்கோப்பி பிரிவின் தாதி, எங்கள் செந்தூல் அக்கா. ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. அக்கா ஒவ்வொருவர் பக்கத்திலும் அமர்ந்து தமிழில் விளக்குவார். 'கட்டாயமில்லை' என்ற வரியை மட்டும் இரண்டு முறை சொல்வார். மாதிரிகள் போதாமல் தவிக்கும் நேரத்தில் அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என்னை நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டாம் முறையும் சொல்வார். நன்றி அக்கா.

துணுக்கு கைக்கு வந்ததும் ஓட்டம் தொடங்கும். இந்தக் கிருமிக்கு நாம் மூச்சுவிடும் காற்றே ஆகாது. ஆக்சிஜன் ஐந்து விழுக்காடு அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்க வேண்டும், 37 பாகை வெப்பம் வேண்டும், குதிரை இரத்தம் கலந்த ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டு வேண்டும். அந்தத் தட்டுகளை இப்படிப்பட்ட காற்று அடைத்த ஜாடிகளில் மூடி வைப்போம். சாதாரண பாக்டீரியா ஓர் இரவில் வளர்ந்துவிடும். இது மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளரான மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் 'பக்சிக்' (மாமா) என்று அழைப்பவர், அவர்தான் அந்த ஜாடிகளுக்குக் காவல். மூன்றாம் நாளும் தட்டு வெறுமையாக இருப்பதைப் பார்த்துப் புதிய மாணவர்கள் அதைக் குப்பைக்கு அனுப்பக் கிளம்பினால், "சாபார்" (பொறுமை) என்ற ஒரே மலாய்ச் சொல்லில் நிறுத்திவிடுவார். பெர்த்தில் நடந்ததும் அவருக்கு மனப்பாடம். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் கவனிப்பாரின்றிக் கிடந்ததால்தான் கிருமி வளர்ந்து கண்ணில் பட்டது. பக்சிக் சொல்லும்போது அந்த விடுமுறை ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகும், கடைசியாக நான் கேட்டபோது இரண்டு வாரமாகியிருந்தது. இப்போது தெலுக் இந்தானில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இந்தப் பத்தியை மலாயில் எழுதித் தனியே அனுப்புகிறேன்.

என் பேராசிரியர் பினாங்குக்காரர், சீனர், அதிகம் பேசமாட்டார். கிருமி என்னென்ன கெடுதல் செய்கிறது என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டு போனபோது, அதைப் படிக்காமலே திருப்பித் தந்தார். கிருமியை ஏன் நம் உடல் வெளியேற்றவில்லை என்று கேள் என்றார். என் பணிக்காலம் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலேயே கழிந்தது.

நியாயமான கேள்விதான். இரைப்பை அமிலத்தில் பிழைப்பதற்காகக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொள்கிறது. சளிப்படலத்துக்குள் நீந்தி ஒளிகிறது. மற்ற பாக்டீரியாக்களின் நீந்தும் இழையைக் கண்டதும் எச்சரிக்கை தரும் நம் ஏற்பி, இதன் இழையைக் கண்டுகொள்வதில்லை. இத்தனையையும் மீறி உடல் விழித்துக்கொள்கிறது. இரைப்பைச் செல்கள் இன்டர்லூகின்-8 என்ற செய்தியை அனுப்புகின்றன, நியூட்ரோஃபில், டி-செல் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வருகின்றன, இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. இவ்வளவு நடந்தும் மருந்து கொடுக்காவிட்டால் கிருமி பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும். அது சுரக்கும் ஒரு நச்சுப் புரதம் டி-செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. சண்டையைத் தணிப்பதற்கென்றே உடலில் உள்ள கட்டுப்படுத்தும் டி-செல்களும் அங்கே கூடிவிடுகின்றன. தணிக்காமல் விட்டால் புண் பெரிதாகும், தணித்தால் கிருமி தங்கும். புண்ணுக்குப் பெரும் பங்கு கிருமியுடையதா, நம் எதிர்ப்பினுடையதா என்று இன்று யாராவது கேட்டால், இரண்டாவதன் பக்கமே நான் சாய்வேன். அழற்சியைத் தூண்டும் ஒரு மரபுக்கூறு உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்று 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வைப் படித்த அன்று, பேராசிரியரின் அறைக்கு ஓடினேன். அவர் ஏற்கெனவே படித்துவிட்டு, மேசைமேல் எனக்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். நன்றி, பேராசிரியர் அவர்களே.

நேப்பாளத்திலிருந்து வந்து எங்கள் கட்டடத்தில் இரவுக் காவல் பார்த்த தம்பியை நான் மறக்கக் கூடாது. தீபாவளிக்கு முந்தின இரவு மின்சாரம் போய், மைனஸ் 80 பாகை உறைபெட்டி அலறத் தொடங்கியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கதவில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து அழைத்தார். நான் வருவதற்குள் பக்கத்துக் கட்டடத்தில் ஆள் எழுப்பி, அங்கே மின்சாரம் இருக்கிறதா என்றும் விசாரித்து வைத்திருந்தார். அங்கிருந்த சக ஆய்வாளர் தம் உறைபெட்டியில் இரண்டு அடுக்கைக் காலி செய்து கொடுத்தார். நோயாளிகள் கொடுத்த அத்தனை துணுக்கும் அந்த இரவில் போயிருக்க வேண்டியவை. மறுநாள் அந்தத் தம்பிக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைம்மாறு என்று சொல்ல அது போதாது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அவர்கள் கூச்சப்படுவார்கள். ஜாடி திறக்க வேண்டிய நாள் தைப்பூசத்தன்று வந்தாலும் முகம் சுளிக்காமல் பத்துமலைக் கூட்ட நெரிசலைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டிய கணவருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய மாமியாருக்கும் நன்றி. மாணவர்களே, உங்களுக்குத் தனித்தனியே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் மிச்சம். எங்களுக்குத் துணுக்கு தர மறுத்தவர்கள் சிலர் உண்டு. காப்பார் பக்கம் லாரி ஓட்டும் ஓர் ஐயா, படிவத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என் வயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டு போய் என்ன கண்டீர்கள் என்று எனக்கு யார் சொல்லுவார்?" என்று கேட்டார். அதுவரை யாருக்கும் சொல்வதாக நாங்கள் எழுதியிருக்கவில்லை. அறநெறிக் குழுவுக்கு மறுபடி விண்ணப்பித்துப் படிவத்தை மாற்றினோம். கிருமி வளர்ந்ததா, எந்த ஆன்டிபயாட்டிக் அதன்மேல் வேலை செய்யாது என்பதை, விரும்பியவர்களுக்கு அவர்களின் மருத்துவர் வழியாகத் தெரிவித்தோம். இதற்கு வழக்கமாகத் தரும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத கிருமிகள் கூடிவரும் காலத்தில், மாத்திரையை மாற்றி எழுத அந்தத் தகவல் உதவியது. அவர் கையெழுத்துப் போடாததால் எங்கள் பதிவேடு எதிலும் அவர் பெயர் இல்லை. ஐயா, இது உங்கள் கண்ணில் பட்டால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் படிவத்தின் கடைசிப் பத்தி உங்களால் வந்தது.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வாளர்,
கோலாலம்பூர்.