எட்டுத் துண்டு வளைகாப்பு

சிவகாசி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது என்று நேற்று நீ சொன்ன பிறகுதான் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

வளைகாப்புக்கு நாங்கள் வர முடியவில்லையே என்று நீ போன் பேசும்போதெல்லாம் வருத்தப்படுகிறாய். வேண்டாம் தாயி. பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் கூடவே இருப்பது என்று மாப்பிள்ளையும் நீயும் நாங்களும் சேர்ந்து பேசி எடுத்த முடிவுதானே. வளையலும் சந்தனமும் ஸ்கார்பரோ கடைகளிலேயே கிடைக்கும், ஐந்து வகைச் சாதத்தையும் உன் தோழிகள் ஆளுக்கொன்றாகச் செய்துவிடுவார்கள். ஆனாலும் தாய்வீட்டிலிருந்து ஏதாவது போக வேண்டும் அல்லவா. வெள்ளிக்கிழமை ஒரு பார்சல் புறப்படுகிறது. 30 வளையல் பெட்டி, 2 இலைத் தோரணம், சுவரில் ஒட்டும் எழுத்து, 30 மஞ்சப்பை, காகித ரோஜா 64. பை மட்டும்தான் கடையில் வாங்கியது. மற்ற எல்லாம் உன் மெஷினில் நானே வெட்டியது.

சென்னையில் வேலை பார்த்தபோது நீ வாங்கினாயே அந்தத் தாள் வெட்டும் மெஷின், கிரிகட் எக்ஸ்ப்ளோர் ஏர் 2, நீ கனடா போன நாளிலிருந்து பரணில்தான் இருந்தது. இரண்டு மாதம் முன்பு இறக்கித் தூசி தட்டினேன். கூடவே, வெட்டுகிற தாளை நகராமல் ஒட்டிவைக்கும் உன் பச்சை மேட்டும் இருந்தது. பசை மிச்சம் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேட் முழுக்கக் கத்தி கீறிய தடம். ஓர் ஓரத்தில் பாதி நட்சத்திரம், அதன்மேல் ஏறி ஒரு வட்டம், நடுவில் ‘ஹேப்பி’ என்ற ஆங்கில எழுத்து. எதை யாருடைய பிறந்தநாளுக்கு வெட்டியிருப்பாய் என்று உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தேன். கீழே இடது மூலையில் வளைந்து வளைந்து போகும் கோடுகள். எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குச் சீர்த்தட்டில் நீ ஒட்டிய மயில்தோகை. அந்த மேட்டின்மேல் இன்னொரு கீறல் போட எனக்கு மனசு வரவில்லை. புது மேட் வாங்கிக்கொண்டேன். பழையதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன்.

நான் 31 வருஷம் அச்சுக் கத்தியால் அட்டை வெட்டும் டை பஞ்சிங்கில் நின்றவன். சின்ன வயதில் நீ டிபன் கொடுக்க வரும்போது பார்த்திருப்பாய். பிளைவுட்டில் கோடு அறுத்து, 23.8 மில்லிமீட்டர் உயரமுள்ள ரூல் என்கிற இரும்புக் கத்திப் பட்டையை வளைத்து அதில் இறக்கி, கத்தியின் இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் ஒட்டுவோம். ஸ்பாஞ்ச் தள்ளாவிட்டால் வெட்டிய தாள் கத்தியிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரு டை தயாராக அரை நாள் போய்விடும். ஆனால் ஒரு முறை செய்துவிட்டால் ஆயிரம் ஆயிரமாக அடிக்கலாம். கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை, பட்டாசுப் பெட்டி எல்லாம் அப்படித்தான். ஒன்றே ஒன்று வெட்டித் தாருங்கள் என்று கேட்டு யாரும் எங்களிடம் வந்ததில்லை, வந்தாலும் கட்டுப்படியாகாது. உன் மெஷினுக்கு டையே வேண்டாம். பென்சில் முனை அளவுக் கத்தி இடமும் வலமும் ஓடுகிறது, மேட் முன்னும் பின்னும் நகர்கிறது, நான் போட்ட கோடு அப்படியே வெட்டுப்படுகிறது. ஒரே ஒருத்திக்காக ஒரே ஒரு பெட்டி செய்யலாம். இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு வாய்க்காதது அது.

முதலில் வெட்டியது, நீ உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டுவதற்கான ‘வளைகாப்பு’ என்ற எழுத்து. எதிர்வீட்டுப் பையன் கம்ப்யூட்டரில் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். அதில் தமிழில் அடித்து, எழுத்தைக் கோடாக மாற்றி, எஸ்விஜி கோப்பாக மெஷினுக்கு அனுப்பினேன். தங்க நிற அட்டை, 250 ஜிஎஸ்எம். கத்தி ஓடி முடிந்ததும் மேட்டைக் கவிழ்த்து, மேட்டை வளைத்து எடுத்தேன். தாளைப் பிடித்து இழுத்தால் சுருண்டுவிடும் என்று நீ முன்பு சொன்னது ஞாபகம் இருந்தது.

ஐந்து எழுத்து, மேசையில் எட்டுத் துண்டாகக் கிடந்தது. ‘வ’ ஒரு துண்டு. ‘ளை’யில் ஐகாரக் கொம்பு தனி, ‘ள’ தனி. ‘கா’வில் துணைக்கால் தனி. ‘ப்’ ஒரு துண்டு, அதன் புள்ளி ஒரு துண்டு. ‘பு’வும் முழுசாக வந்தது. புள்ளியை ரொம்ப நேரம் தேடினோம். கடைசியில் அம்மாவின் துடைப்பத்தில் அகப்பட்டது. அது இல்லாமல் வைத்துப் பார்த்தால் ‘வளைகாபபு’ என்று இருக்கிறது. ஆங்கிலச் சின்ன எழுத்தில் இரண்டே எழுத்துக்குத்தான் புள்ளி, நமக்கு மெய் பதினெட்டுக்கும் புள்ளி. இந்த மெஷினை வைத்துக்கொண்டு தமிழில் ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் எல்லோரும் முதல் நாளே இந்த இடத்தில் வந்து நிற்பார்கள் என்று நினைக்கிறேன். பாதிப் பேர் ஆங்கிலத்துக்கே திரும்பிப் போய்விடுவார்கள். நம் வீட்டு வளைகாப்பில் ‘பேபி ஷவர்’ என்று ஒட்ட எனக்கு மனசில்லை.

கொம்பையும் காலையும் சேர்ப்பது சுலபம். பக்கத்து எழுத்தின்மேல் ஒரு மில்லிமீட்டர் ஏறும்படி நகர்த்தி, இரண்டையும் இணைக்கும் யூனியன் கட்டளையைக் கொடுத்தால் ஒரே கோடாகிவிடும். புள்ளிதான் பிடி கொடுக்கவில்லை. ‘ப’வின் தலை திறந்திருக்கிறது, புள்ளி உட்கார அங்கே இடம் இல்லை. வலது பக்கக் காலில் ஒட்டவைத்தேன், கட்டி வந்த மாதிரி இருந்தது. இரண்டு காலுக்கும் நடுவே மெல்லிய பாலம் போட்டு அதன்மேல் வைத்தேன், வேறு ஏதோ எழுத்தாகிவிட்டது. மூன்று நாள் இதே வேலை. நாலாவது நாள் அதை விட்டுவிட்டு, முழுச் சொல்லையும் சுற்றி அரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டு, அந்த வடிவத்தைச் சிவப்பு அட்டையில் வெட்டினேன். ஆஃப்செட் என்கிறார்கள் இதை. அச்சுக்காரர்களுக்கு ஆஃப்செட் என்றால் வேறு அர்த்தம், இங்கே சுற்றுக்கோடு. அந்தச் சிவப்பின்மேல் தங்க எழுத்தை ஒட்டினால் புள்ளி அதன் இடத்திலேயே தனியாக நிற்கிறது. விலகாமல் ஒட்ட ஒரு வழி இருக்கிறது. வெட்டிய துண்டுகள் மேட்டிலேயே இருக்கட்டும், சுற்றியுள்ள கழிவை மட்டும் எடுத்துவிட்டு, பசை குறைந்த டேப்பை மேலே போட்டுத் தடவி, புள்ளியோடு சேர்த்து மொத்தமாகத் தூக்க வேண்டும். பார்சலில் இது ஒட்டியே வருகிறது. நீ சுவரில் மாட்டினால் போதும்.

மஞ்சப்பையில் வேறு கதை. துணிக்குச் சூட்டில் ஒட்டும் வினைல் என்று ஒன்று இருக்கிறதே, அதில் ‘நன்றி’ என்று வெட்டி ஒட்டினேன். பளபளப்புப் பக்கம் கீழே, எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி வெட்டுப்பட வேண்டும். முதல் 2 பையில் திருப்ப மறந்துவிட்டேன். இஸ்திரி போட்டு ஒட்டிய பிறகும் எனக்குத் தப்பே தெரியவில்லை. டை வேலைக்கு வருமுன் 4 வருஷம் ஈய எழுத்துக் கோத்தவன் இல்லையா, தலைகீழாகவும் இடவலம் மாறியும் படித்துப் பழகிய கண் அது. அம்மாதான் பையைத் தூக்கிப் பிடித்து, இது என்ன பாஷை என்று கேட்டாள். அந்த இரண்டிலும் இப்போது அம்மா காய்கறி வாங்கி வருகிறாள். உனக்கு வருகிற 30-உம் சரியாக இருக்கிறது. முதல் தடவை துவைக்கும்போது பையைப் புரட்டிப்போட்டுத் துவைக்கச் சொல்லு.

வினைலை வெட்டிய பிறகு வேண்டாத பகுதியைக் கொக்கியால் கிள்ளி எடுக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் வீடிங் என்று பெயர், களை எடுப்பது. இதை அம்மாவிடம் சொன்னதும் அவள் கொக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தரவே இல்லை. ‘றி’யின் உள்வளைவில் இருக்கும் கடுகளவு வினைலைக்கூட எழுத்து தூக்காமல் எடுக்கிறாள். ரோஜாவும் அவள் சுற்றியதுதான். நான் சுருள் சுருளாக வெட்டிக் கொடுப்பேன், அவள் வெளி முனையிலிருந்து உள்நோக்கிச் சுற்றி, நடுவில் இருக்கும் வட்டத்தில் பசை வைத்து அமுக்குவாள். பூக் கட்டிய கை, இதழ் எவ்வளவு விரிய வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. நான் சுற்றியவை 4, இறுகிப்போய் மொட்டாகவே இருக்கின்றன. அவற்றையும் வைத்திருக்கிறோம்.

நம் வீட்டில் முதலில் வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்புதான் போடுவோம். இங்கிருந்து பச்சை இலை, குச்சி எதுவும் பார்சலில் அனுப்பக் கூடாது. காப்பு இல்லாவிட்டாலும் இலையாவது இருக்கட்டும் என்று கொல்லை மரத்து இலையை வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்துக் கோடாக்கினேன். வேப்பிலை மாவிலை மாதிரி இல்லை. நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே அகலம் கிடையாது, ஒரு பக்கம் ஒடுங்கி அரிவாள்போல வளைந்திருக்கும், ஓரமெல்லாம் பல். படத்திலிருந்து வந்த கோட்டில் புள்ளிகள் அதிகமாகி, கத்தி திக்கித் திக்கிப் போய்த் தாளைக் கிழித்தது. கோட்டை எளிதாக்கச் சொன்னால் பல் எல்லாம் மழுங்கிப் போகிறது, பல் போனால் அது வேப்பிலையே இல்லை. கடைசியில் பல்லை ஒவ்வொன்றாகக் கையாலேயே வரைந்தேன். ஓர் இலைக்கு ஒரு பக்கம் 9 பல். தோரணத்தில் மாவிலைக்கு நடுவே அது தொங்கும். உன் நாற்காலிக்கு மேலே வருகிற மாதிரி கட்டச் சொல்லு.

இனிப் பெட்டி. அதை நீங்கள் மடிக்க வேண்டும், தட்டையாகத்தான் வருகிறது. மடிப்புக்கோடு எல்லாவற்றிலும் மெஷின் ஊசியால் அழுத்தியிருக்கிறேன். ஸ்கேலை வைத்து மடித்தால் வெடிக்காது. பேப்பர் இழை ஓடும் திசை பார்த்துத்தான் வைத்து வெட்டினேன். மூலையில் இருக்கும் சின்ன நாக்கு நாலையும் உள்பக்கம் ஒட்ட வேண்டும். ஃபெவிகால் மெல்லிசாகத் தடவினால் போதும், அதிகமானால் அட்டை நெளியும். ஒரு பெட்டிக்கு 4 வளையல் தாராளமாக அடங்கும்.

அளவுக்குத்தான் நான் கடைத்தெருவில் வளையல் கடைக்காரரிடம் போய் உட்கார வேண்டியிருந்தது. 2.6 வளையல் என்றால் 2 அங்குலமும் 16-இல் 6 பங்கும், உள்விட்டம் 60 மில்லிமீட்டர் சொச்சம். 2.8 என்றால் 63.5. கண்ணாடி கனம் இரண்டு பக்கமும் சேர்த்து 6 வைத்துக்கொண்டால் 70-க்குள் வந்துவிடும். அதனால் பெட்டியின் உள் அளவு 72 வைத்தேன், இரண்டு அளவும் போகும். வருகிறவர்கள் யார் கை எந்த அளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

உன் பெட்டி மட்டும் வேறு. அதில் நடுவே ஒரு தூண் நிற்கும், உன் வளையல் எல்லாம் அதில் கோத்து அடுக்கியிருக்கும், எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக உருவ வசதி. தூண் வளையலுக்கு 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் வளையல் ஆடி ஒன்றோடொன்று மோதி உடையும். மூடியில் அந்தப் பழைய மேட்டில் பார்த்த மயில்தோகையை வரைந்திருக்கிறேன். தடத்தின்மேல் டிரேசிங் தாள் வைத்து எடுத்தது, உன் கோடுதான்.

அதை இன்னும் வெட்டவில்லை. கல்யாணத்துக்கு உனக்கு 2.4 போட்டோம், சோப்புப் போட்டு ஏற்றியது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது கை எப்படி இருக்கிறது? அங்கே ஏதாவது கடையில் ஒன்றைப் போட்டுப் பார்த்து, 2.6 போகிறதா 2.8 வேண்டுமா என்று புதன்கிழமைக்குள் சொல்லு. காலையில் பார்க்காதே, வீக்கம் சாயங்காலம்தான் தெரியும், சாயங்காலம் போட்டுப் பார் என்கிறாள் அம்மா. தங்க அட்டை ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா