முதல் சிவப்பு வரியைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். கடைகிற ஜாப் அரை மில்லி பிசகினாலும் விரல் சொல்லிவிடும். கம்ப்யூட்டரில் தப்பு என்று காட்டும் சிவப்பு எழுத்தைப் பார்த்தால்தான் கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு இருந்த எனக்கும், ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கும் ஒரு வாரம் தோள் கொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

மகள் கோடு பார்த்து ஓடும் குட்டி வண்டி ஒன்று செய்திருந்தாள். வண்டிக்கு மூளையாக இஎஸ்பி32 போர்டு, அது சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் விடும் எல்298என் டிரைவர், இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், பட்டறையில் நான் வெட்டிக் கொடுத்த அலுமினியத் தகடு. போர்டில் ஏற்றும் நிரல், அதாவது ஃபர்ம்வேர் மட்டும் முகம் தெரியாத யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'அப்டேட்' கேட்கிறதே என்று ஒருநாள் அமுக்கியவன் நான்தான். அன்றோடு கம்பைல் ஆகவில்லை, நிரல் போர்டுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாறவே இல்லை.

திரையின் கடைசியில் 'எக்சிட் ஸ்டேட்டஸ் 1' என்று நின்றது. அதையே தேடித்தேடி இரண்டு ராத்திரி போனது. எந்தக் கோளாறுக்கும் கடைசியில் அந்த வரிதான் வரும் என்று அப்போது தெரியாது.

மாடி வீட்டுத் தம்பி வந்து பார்த்தார். "ஏனுங்ணா, கடைசி வரியப் புடிச்சுத் தொங்கறீங்க? மேல போங்க, மொத சிவப்பு எங்கீன்னு பாருங்க." லேத்தில் ஜாபைப் பிடிக்கும் சக்கில் அது ஆடினால் அதற்கப்புறம் எடுக்கிற அளவெல்லாம் தப்பு என்று பட்டறைப் பையன்களிடம் தினமும் கத்துகிறவன், இதை யோசிக்கவில்லை பாருங்கள். மேலே போனால், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த நிரலில் இருந்த 'எல்இடிசி செட்டப்' என்ற கட்டளையையே தெரியாது என்கிறது. நான் அமுக்கிய அப்டேட் ஏற்றியது இந்த போர்டுக்கான மென்பொருள் தொகுப்பை; 2024-இல் வந்த அதன் 3.0 பதிப்பில் அதையும் 'எல்இடிசி அட்டாச் பின்'னையும் எடுத்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து 'எல்இடிசி அட்டாச்' என்று ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

காந்திபுரத்து உதிரிபாகக் கடை அண்ணன், "பழைய 2.0.17-க்கே திரும்பிப் போயிருங்க, அஞ்சு நிமிச வேலை" என்றார். அவசரத்துக்கு அதுதான் சரி, நானும் தயாராகிவிட்டேன். மகள்தான் மாட்டேன் என்றாள். பழைய வரிகளை மாற்றி எழுதினாள், சிவப்பு போய்விட்டது. சக்கரம் அசையவில்லை.

வயரைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியை மாற்றினேன், டிரைவரைக் கழற்றி மாட்டினேன். அண்ணன் கொடுத்துவிட்ட மல்டிமீட்டரை வைத்தால், மோட்டாரை ஓடச் சொல்லும் பின்னில், அதாவது போர்டின் இணைப்புக் காலில், வோல்ட் சுழியம்.

ராத்திரி பத்து மணிக்கு வீடியோ காலில் வந்தார் ஈரோட்டு அக்கா. மகளுக்கு அத்தை. என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவளிடமே கேட்டார்.

"கண்ணு, வேகத்தைச் சொல்ற 'எல்இடிசி ரைட்' கட்டளைக்குள்ள மொத நம்பர் என்ன போட்டிருக்கற?"

"சுழியங்க அத்தை."

"மோட்டார எந்தப் பின்னுல மாட்டியிருக்கற?"

"இருபத்தஞ்சு..." என்றவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பழைய தொகுப்பில் அந்த இடத்தில் சானல் எண் (போர்டுக்குள் வேகக் கட்டளை போகும் வழியின் எண்), புதியதில் பின் எண். இரண்டும் வெறும் எண்தானே, கம்பைலர் எதைக் கண்டு கத்தும்? இடதுக்கு 25, வலதுக்கு 26 என்று மாற்றியதும் வண்டி மேசையிலிருந்த ஸ்குரூ டப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடியது. ஸ்குரூவை மறுநாள் காலைவரை பொறுக்கினோம். விடையை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அக்கா, கேள்வியாகக் கேட்டீர்கள். அதற்குத்தான் பெரிய நன்றி.

பழைய கட்டளை எது, புதியது எது என்று மாற்றக் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்கும் கும்பிடு. திருத்திய வரிகளை மாடித் தம்பியின் துணையோடு ஃபர்ம்வேர் எழுதியவர்களுக்கே மகள் அனுப்பிவிட்டாள்.

கடைக்கார அண்ணா, உங்க மல்டிமீட்டர் இன்னும் பட்டறையிலதான் இருக்குதுங்க. திங்கக்கிழமை பொழுதோட கொண்டாந்து தர்றேன்.